இரண்டு மௌனங்கள்

சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்திருந்தது. காப்புரிமை முடிந்த பழைய கதைப் புத்தகங்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் மெய்ப்பு பார்ப்பார். கடைசியில் கோப்புகள் எல்லாம் என்னிடம் வரும். எந்தச் சொல் எந்தக் கதையில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று அகர வரிசையில் பட்டியல் எடுப்பது என் வேலை. அன்று அந்தப் பட்டியலை மேலிருந்து மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். மெழுகு, மெள்ள, அதற்கு அடுத்து மெளனம். தாண்டிப் போய்விட்டேன். மொட்டு, மோதிரம் எல்லாம் முடிந்து மகர வரிசையின் கடைசிக்கு வந்தால், அங்கே மறுபடியும் மௌனம்.

மேலே போனேன், கீழே வந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொம்பு, ம, வலப்பக்கம் அந்த வளைவு, ன, ம், எதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் போட்டேன். மற்றொன்று கிடைக்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் யாராவது எங்கள் கதைகளில் இந்தச் சொல்லைத் தேடியிருந்தால் அவர்களுக்குப் பாதிதான் கிடைத்திருக்கும். மீதிப் பாதி கண்ணெதிரே இருந்தும் இல்லாமல் இருந்திருக்கும். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் கோப்பை எழுத்தாகப் பார்க்காமல், அதற்குள் இருக்கும் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் கருவியில் திறந்தேன். மகர வரிசையின் கடைசியில் இருந்த மௌனம் இப்படி இருந்தது:

224 174 174, 224 175 140, 224 174 169, 224 174 174, 224 175 141.

மெழுகுக்குப் பக்கத்தில் இருந்தது இப்படி:

224 174 174, 224 175 134, 224 174 179, 224 174 169, 224 174 174, 224 175 141.

முதலாவது 15 பைட், அடுத்தது 18 பைட். முதலாவதில் ம, அதன்மேல் ஔகாரக் குறி, பிறகு ன, ம, புள்ளி. அடுத்ததில் ம, எகரக் கொம்பு, பிறகு தனியாக ஒரு ள. சரியாகச் சொன்னால் அது மௌனம் இல்லை. மெ, ள, ன, ம் என்று நாலெழுத்தில் வேறொரு சொல். தட்டச்சு செய்தவர் ‘மெ’ அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார். திரை அதை அப்படியே மௌனமாகக் காட்டியிருக்கிறது. நானும் அப்படியே படித்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையிலும் அந்த இரண்டு வடிவத்தையும் வேண்டுமென்றே அடித்திருக்கிறேன். ஒன்றை நகலெடுத்துத் தேடிப் பார்த்தால் நான் சொல்வது உடனே புரியும்.

224 எங்கிருந்து வருகிறது

இந்த எண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ‘ம’வுக்கு யூனிகோடு, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம், கொடுத்திருக்கும் எண் 2990. அதை 16 இலக்க இருமமாக எழுதினால் 0000101110101110. ஒரு பைட்டில் 8 இலக்கத்துக்குத்தான் இடம் என்பதால் இதை நாலு, ஆறு, ஆறாக வெட்டுகிறார்கள்: 0000, 101110, 101110. முதல் துண்டுக்கு முன்னால் 1110, மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 ஒட்டுகிறார்கள். இப்போது 11100000, 10101110, 10101110. பதின்ம எண்ணில் சொன்னால் 224, 174, 174. ‘ம’வில் கடைசி இரண்டும் ஒரே எண்ணாக வருவதற்குக் காரணம் 2990க்குள் அந்த ஆறு இலக்கம் இரண்டு தடவை வருவதுதான். இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று, தெரிந்த ஒருவரின் கைரேகையைப் பார்த்தது போல இருந்தது.

கென் தாம்சன், ராப் பைக் என்ற இரண்டு கணினி வல்லுநர்கள் 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில், தட்டுக்கு அடியில் போடும் தாளில் எழுதிப் பார்த்து உருவாக்கிய முறை இது. அதுதான் இன்று நாம் எல்லாரும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8. அதில் என்னை மிகவும் கவர்வது அந்த 10 என்ற ஒட்டுதான். ஒரு கோப்பின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பைட்டைத் தொட்டாலும், அது எழுத்தின் தொடக்கமா, நடுவா என்று அந்த பைட்டே சொல்லிவிடும். 128லிருந்து 191க்குள் இருந்தால் நடு. அடுத்த தொடக்கம் வரும்வரை நகர்ந்து போனால் போதும். அதனால் கோப்பு எங்காவது அறுந்துபோனாலும் அந்த இடத்தில் இருக்கும் ஓர் எழுத்துதான் போகும், அதற்குப் பின்னால் உள்ளது பிழைத்துக்கொள்ளும்.

தமிழ் குப்பையாக வந்ததைப் பார்த்த எல்லாருக்கும் 224ஐயும் 174ஐயும் முன்பே தெரியும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’வும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகச் சின்னமும் மாறி மாறி வருமே, அதுதான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்துப் பட்டியலில் 224க்கு அந்த ‘ஏ’வும், 174க்கு அந்த வட்ட ‘ஆர்’உம் இருக்கின்றன. பைட்டுகள் பத்திரமாகத்தான் இருக்கும், படிக்கிற மென்பொருள்தான் வேறு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும். அந்த வகைக் கோளாறு எனக்குப் பயம் தருவதில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடும், பட்டியலை மாற்றினால் சரியாகிவிடும். இரண்டு மௌனங்கள் அந்த வகை இல்லை. அங்கே எல்லாம் சரியாகவே தெரியும்.

நான் பிடித்துவைத்திருந்த கட்சி

யூனிகோடு தமிழுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் பல வருடக் கட்சி. அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. யூனிகோடில் இந்திய மொழிகளுக்கான இடங்களை, 1988இல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்தை ஒட்டி அமைத்தார்கள். எல்லா மொழிக்கும் ஒரே வரிசை. தேவநாகரி ‘க’வின் எண் 2325, தமிழ் ‘க’வின் எண் 2965. வித்தியாசம் சரியாக 640, அதாவது 128 இடங்கள் கொண்ட ஐந்து தொகுதிகள். தமிழில் இல்லாத மூன்று ககரங்களுக்கும் இடம் விட்டுவிட்டு, 2969இல்தான் ‘ங’ வருகிறது. ‘ன’வைக் கொண்டுபோய் ‘ந’வுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ‘ற’ போய் ‘ர’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண் வரிசைப்படி அடுக்கினால் எந்தத் தமிழ் அகராதியோடும் ஒத்துப்போகாத வரிசைதான் கிடைக்கும். இலக்கணத்தில் ‘க்’ அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்து ‘க’. யூனிகோடில் ‘க’ அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்து ‘க்’. ‘தமிழ்’ என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, 15 பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து வரை இடம், தமிழ் வந்தவுடன் 70 குறிக்குச் சுருங்கிவிடும்.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்கள், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகள், வந்தன. இணையத்தில் திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் புழங்கியது. அப்புறம், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்-16ஐயும் யூனிகோடையும் 2010இல் தமிழக அரசு தரமாக ஏற்றது. 247 எழுத்துக்கும் 247 எண் என்றால் இந்தத் தொல்லை ஒன்றுமே இருந்திருக்காது என்று நானும் பலரிடம் வாதாடியிருக்கிறேன்.

இரண்டு மௌனங்களைப் பார்த்த அன்று என் முதல் எண்ணமும் அதுதான். பார்த்தாயா, ‘மௌ’வுக்கு ஒரே எண் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு திரிந்தேன். மூன்றாம் நாள்தான் அந்த வாதம் நிற்காது என்று தெரிந்தது. ‘மௌ’வுக்கு ஒரே எண் கொடுத்தால் ‘மெ’வுக்கும் ஓர் எண் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ‘ள’வுக்கும் ஓர் எண் இருக்கும். ஒருவர் ‘மெ’ அடித்து ‘ள’ அடித்தால் அங்கேயும் இரண்டு எழுத்து வரிசையாக உட்காரும், திரையில் மௌவாகத் தெரியும். எனக்குப் பிடித்த குறியாக்கத்திலும் இதே இரண்டு மௌனங்கள் இருந்திருக்கும். அந்த மற்ற குறைகள் குறைகள்தான், இன்றும் சொல்வேன். ஆனால் இந்தக் குற்றத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

அந்தக் கை எங்கே பழகியது என்று யோசித்தேன். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பு, ம, ள என்று மூன்று அடி அடித்தால் மௌ. ஔகாரத்தின் வலப்பக்கத்துக்கு என்று தனி விசை கிடையாது. அங்கே அது பிழையே இல்லை. தாளில் இருப்பது உருவம் மட்டும்தானே, அந்த மை ‘ள’வா, ஔகாரத்தின் பாதியா என்று யாரும் கேட்கப்போவதில்லை. படிக்கிறவர் மௌனம் என்று படித்துவிட்டுப் போய்விடுவார். ஓலைச்சுவடியில் இன்னும் ஒருபடி மேலே. புள்ளி இருக்காது, ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது, எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். எழுதுகிறவர் பாதி எழுதுவார், படிக்கிறவர் மீதியைத் தன் தமிழறிவால் நிரப்புவார். பல நூற்றாண்டு அப்படித்தான் ஓடியிருக்கிறது. கணினிக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அது கேட்கிறது: வலப்பக்கம் இருக்கிறதே, அது ‘ள’வா, இல்லையா?

யூனிகோடு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அது ‘ள’ இல்லை. அந்த வலப்பக்கக் குறிக்குத் தனியாக 3031 என்ற எண் கொடுத்திருக்கிறார்கள். ‘ள’வின் எண் 2995. எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் வேறு வேறு ஆள். ‘மௌ’வை ம, ஔகாரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம், ம, கொம்பு, 3031 என்று மூன்றாகவும் எழுதலாம், இரண்டும் சமம் என்று தரமே சொல்கிறது. உருவத்துக்கு எண் கொடுக்காமல், அது என்னவாக இருக்கிறது என்பதற்கு எண் கொடுக்கும் இந்த முடிவு சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். இங்கே வந்து சேர எனக்கு வெகு நாள் ஆனது.

ஒரே வரியில் திருத்தினேன்

கோளாறு இன்னது என்று தெரிந்துவிட்டது, திருத்த வேண்டியதுதானே என்று இறங்கினேன். மூன்றாக உடைந்திருந்த ‘மௌ’க்களை இரண்டாகச் சேர்க்க, இயல்பாக்கம் என்று ஒரு நடைமுறை தயாராக இருக்கிறது. க, கொம்பு, கால் என்று பிரிந்து கிடக்கும் ‘கொ’வையும் அது சேர்த்துவிடும். ஆனால் ‘ள’ போட்ட மெளனத்தை அது தொடாது, தொடவும் கூடாது. ‘தெளிவு’ என்ற சொல்லில் தெ, அதற்குப் பிறகு ளி. அங்கே இருப்பது நிஜமான ‘ள’. இயல்பாக்கம் சொல் பார்க்காது.

எனவே நானே ஒரு விதி எழுதினேன். கொம்புக்குப் பிறகு ‘ள’ வந்து, அந்த ‘ள’வின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லை என்றால் அது ஔகாரம். தெளிவு, வெளியே, வெள்ளம், கெளுத்தி எல்லாவற்றிலும் ‘ள’வின் மேல் ஏதாவது இருக்கிறது, அதனால் தப்பித்துவிடும். மெளனம், கெளரவம், பெளர்ணமி, செளக்கியம், வெளவால், யெளவனம் எல்லாம் மாட்டும். சொல்லின் முதலில் ‘ஒ’வும் மொட்டை ‘ள’வும் சேர்ந்து வந்தால் அது ஔ. ஒளவை ஔவையாகிவிடுவார், ஒளிக்கு ஒன்றும் ஆகாது. ஐம்பது, அறுபது சொற்களில் சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது. ஒரே வரி. எல்லாக் கோப்புகளிலும் ஓடவிட்டேன். சொல்லடைவில் மெழுகுக்குப் பக்கத்தில் இருந்த மெளனம் மறைந்தது. கௌரவங்களும் பௌர்ணமிகளும் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதே சூட்டில் இன்னொன்றையும் திருத்தினேன். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்று இருக்கும். பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதில் ‘ர’ இல்லை, ‘வா’வுக்குரிய கால் இருக்கிறது, அந்தக் காலின் தலையில் புள்ளி. அந்தக் கால அச்சில் ‘ர்’, ‘ரி’ இரண்டும் கீழ்வளைவு இல்லாமல் வெறும் கோடாக வருவதுண்டு. அந்த உருவத்தைப் பார்த்து எழுத்துரு செய்தார்கள், அந்த எழுத்துருவைப் பார்த்து யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் செய்தார்கள், காலுக்குப் புள்ளி வந்துவிட்டது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. காலுக்குப் புள்ளி வைக்கத் தமிழில் இடமே கிடையாது. எங்கே வந்தாலும் பிழை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

தொலைபேசி

எங்கள் குழுவில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். திரை வாசிப்பான் மூலம்தான் படிப்பார். கோப்பில் என்ன இருக்கிறதோ அதை மென்பொருள் வாய்விட்டுப் படிக்கும், அவர் கேட்பார். நாங்கள் ஒரு வரியைப் படிக்கிற நேரத்தில் அவர் மூன்று வரி கேட்டு முடித்திருப்பார், அவ்வளவு வேகமாக வைத்திருப்பார். கோப்புகளை மாற்றி மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அழைத்தார்.

“அண்ணா, மௌனம் இப்பதான் மௌனம்னு கேக்குது. ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷமா எனக்கு மெ-ள-னம்னுதான் கேட்டுட்டு இருந்துச்சு. கெ-ள-ர-வம்னு வரும். நானா மனசுக்குள்ள மாத்திக்குவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருநாள் சொல்லடைவில் கண்டுபிடித்து இரவெல்லாம் புரண்ட விஷயத்தை அவர் வருடக்கணக்காக ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் அதைத் தன் பாடாக எடுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்.

“ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தக் கதையில ஒரு அம்மா பையன்கிட்ட ‘கௌம்பு, கௌம்பு, நேரமாச்சு’ன்னு சொல்றாங்க. அப்புறம் ‘வௌக்கை ஏத்து’ன்னு வருது. அது யார் பேச்சு?”

நான் அந்தக் கதையைத் திறந்தேன். அவர் சொன்ன வரியைக் கண்டுபிடித்தேன். எனக்கு ‘கெளம்பு, கெளம்பு’ என்றுதான் தெரிந்தது. ‘வெளக்கை ஏத்து’ என்றுதான் தெரிந்தது. “சரியாத்தானே இருக்கு தம்பி” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பைட்டுகளைக் காட்டும் கருவியில் திறந்தேன். 224 174 149, 224 175 140. க, ஔகாரக் குறி. கௌ. என் ஒரே வரி விதி, பேச்சுத் தமிழில் கிளம்பு ‘கெளம்பு’ ஆவதையும், விளக்கு ‘வெளக்கு’ ஆவதையும், உளறாதே ‘ஒளறாதே’ ஆவதையும் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த மொட்டை ‘ள’க்கள் எல்லாம் நிஜமான ‘ள’க்கள். சோதித்த ஐம்பது அறுபது சொற்களும் எழுத்துத் தமிழ்ச் சொற்கள். கதைகளில் வரும் மனிதர்கள் எல்லாரும் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்த சொற்களை நான் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிட்டேன், அதைக் கண் இருக்கிற எங்களில் ஒருவராலும் பார்க்க முடியவில்லை.

அந்த அழைப்பை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திரையில் தெரிவதுதான் பிரதி என்றும், அதற்குள் இருக்கும் எண்கள் இயந்திரத்தின் சொந்த விவகாரம் என்றும் அதுவரை ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அந்த நண்பருக்குத் திரை என்று ஒன்று கிடையாது. அவர் படிப்பது அந்த 224 175 140ஐத்தான். எங்களில் எழுதியபடியே படித்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லாம் உருவத்தைப் பார்த்து, நமக்குத் தெரிந்த சொல்லை அதன்மேல் போர்த்திக்கொண்டு போயிருக்கிறோம்.

நல்லவேளை, பழைய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் புதிய கோப்புகளில் மெய்ப்புத் திருத்தங்கள் நிறைய நடந்திருந்தன. அப்படியே பழையதுக்குத் திரும்பினால் அவர்கள் உழைப்பு போய்விடும். எந்த இடத்திலெல்லாம் என் விதி கை வைத்தது என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எடுத்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து, இது ஔ, இது ள என்று பிரித்தேன். சந்தேகம் வந்த வாக்கியங்களை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் அவரே சொல்லி முடித்தார், நான் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே.

தேடலுக்கு வேறு வழி செய்தேன். இனிமேல் தேடல் வசதிக்காகப் பிரதியில் கை வைப்பதில்லை என்று முடிவு. தேடலுக்கு மட்டும் பிரதியின் நிழல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். அந்த நிழலில் எல்லா ஔகாரமும் உடைந்து கொம்பும் ‘ள’வுமாக நிற்கும். தேடுகிறவர் அடிக்கும் சொல்லும் அதே மாதிரி உடையும். அவர் மௌனம் என்று எப்படி அடித்தாலும் இரண்டும் கிடைக்கும், கெளம்பு என்று தேடினால் அதுவும் கிடைக்கும். எது ஔ, எது ள என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. திருத்துவதற்கு உருவம் உதவவில்லை, தேடுவதற்கு உருவமே போதும். (‘மவுனம்’ என்று எழுதுகிறவர்கள் தனி. அது தமிழே அனுமதிக்கும் மாற்றெழுத்து. அதையும் சேர்த்துத் தேடித்தர ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம், ஆனால் பிரதியில் அது அப்படியே இருக்கும்.)

எல்லாம் முடிந்தது என்று அவரிடம் சொன்னபோது, நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணா, நான் ஒரு வாக்கியம் சொல்றேன், எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொண்டேன்.

என் செருப்பைக் கெளவி எடுத்துக்கிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

“கௌவின்னா ஒரு நாய் வாயில கவ்விட்டுப் போகுது. கெளவின்னா ஒரு கிழவி கையில எடுத்துட்டுப் போறா. எங்க பாட்டி அப்படித்தான் சொல்லுவாங்க, கெளவின்னு. இது ஒரு பழைய புத்தகத்துல அச்சாகி இருந்தா, அச்சுல ரெண்டுக்கும் ஒரே ள தானே? நீங்க எதை அடிப்பீங்க?”

முன்வரி என்ன, நாய் வருகிறதா என்று கேட்டேன். முன்வரி கிடையாது, இவ்வளவுதான் என்றார். ‘போனதை’ என்று இருப்பதால் போனது நாயா, போனவள் கிழவியா என்பதும் தெரியவில்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் எழுதியிருந்த அந்த ‘ள’வுக்கு எண் எதுவும் இல்லை. “உங்களுக்கு எப்படிக் கேக்குது?” என்று அவரிடமே கேட்டேன்.

“நான் சொல்லும்போது எனக்குப் பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க” என்றார்.

கோப்பில் கெ அடித்து, ள அடித்து, வி அடித்தேன்.